யாருமில்லாத வீட்டில் யார் இருக்கிறார்கள்?

"கொஞ்ச நாள் தனியாக இருந்து பார், உன்னை நீயே அறிந்துகொள்வாய்" என்று அறிவுரை சொல்கிறவர்களை யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் ஒரு பின்னேரம் நடக்கவிட வேண்டும். ஐந்து அறை வீடு, மாபிள் தரை, வாசலில் பெரிய இரும்புக் கேற். உள்ளே ஒரேயொரு அம்மா. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும். கோடை காலத்தில் ரொறன்ரோ நமக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால் நிற்கிறது. அங்கே இரவுச் சாப்பாடு முடித்துப் பிள்ளை போன் எடுக்கும்போது இங்கே விடிந்துகொண்டிருக்கும். பத்து நிமிடம் கதைப்பார்கள். பேரப்பிள்ளை திரையில் கையசைக்கும். அதன்பின் அந்த அம்மாவுக்கு மிஞ்சுவது ஒரு முழுப் பகலும் ஒரு முழு இரவும்.

தனிமைதான் ஞானம் தரும் என்றால் எங்கள் ஒழுங்கைகள் ஞானியரால் நிறைந்திருக்க வேண்டும். அப்படி இல்லை. ஆனால் இதே ஊரில்தான், வீதியோர மரத்தடியில் ஆண்டுக்கணக்காக உட்கார்ந்திருந்த ஒருவரைத் தேடிப் படித்தவரும் பாமரரும் வந்தார்கள். அந்த அம்மாவின் நிலைக்கும் அவருடைய நிலைக்கும் நாம் தனிமை என்ற ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

தமிழுக்கு இந்தக் குழப்பம் புதிதன்று. தொல்காப்பிய உரியியல் 'புலம்பே தனிமை' என்கிறது. அன்று தனிமையைச் சுட்டிய புலம்பு இன்று வாய்விட்டு அரற்றுவதைச் சுட்டுகிறது. மறுபக்கத்தில் ஔவையார் பெயரில் வழங்கும் பாடல் 'இனிது இனிது ஏகாந்தம் இனிது' என்கிறது. ஒரு சொல் அழுகிறது, மற்றது இனிக்கிறது. இந்தக் கட்டுரைக்கு மட்டும் நான் இரண்டையும் வினைச்சொல்லால் பிரித்துக்கொள்கிறேன்: தனித்துப்போதல், தனித்திருத்தல். போவது நமக்கு நேர்வது. இருப்பது நாம் செய்வது.

தனித்துப்போதலைப் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை. அமெரிக்க உளவியலாளர் ஜோன் கசியொப்போ அதைப் பசிக்கும் தாகத்துக்கும் ஒப்பிட்டார். உடம்புக்குச் சோறு வேண்டும் என்று பசி சொல்வதுபோல, மனிதருக்கு மனிதர் வேண்டும் என்று சொல்லும் ஓர் அறிகுறி அது. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. கூட்டத்தின் நடுவிலும் அது வரும். கலியாண வீட்டில் நாற்பது உறவினர் சூழ இருந்துகொண்டு, 'என்னோடு கதைக்க இங்கே ஒருவருமில்லை' என்று நினைக்காதவர் யார்?

தனித்திருத்தல்தான் விளக்கம் கேட்கும் விஷயம். நாம் நினைப்பதைவிட அது கடினமானது. 2014இல் அமெரிக்காவின் வேர்ஜினியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஆட்களை ஓர் அறையில் 15 நிமிடம் தனியே உட்காரவைத்தார்கள். போன் இல்லை, புத்தகம் இல்லை. பக்கத்தில் ஒரு பொத்தான் மட்டும், அழுத்தினால் மின்னதிர்ச்சி. அந்த அதிர்ச்சியை முன்பே ஒருமுறை அனுபவித்து, 'இதைத் தவிர்க்கக் காசு கொடுக்கவும் தயார்' என்று சொன்னவர்கள் அவர்கள். அப்படியிருந்தும் 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் தாமாகவே பொத்தானை அழுத்தினார்கள். சும்மா இருப்பதைவிட அடிவாங்குவது மேலாகத் தோன்றியிருக்கிறது. நம்மூர் மொழியில் சொன்னால், சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்காமல் மனிதனால் கால்மணிநேரம் இருக்க முடிவதில்லை.

நானும் அந்தப் பன்னிரண்டு பேரின் இனம்தான். சில ஆண்டுகளுக்கு முன் அக்காவின் பிள்ளைப்பேற்றுக்கென்று அம்மா கனடா போனார். கோண்டாவில் வீட்டில் ஆறு மாதம் நான் தனியன். (வன்னியில் கூட்டத்தை விட்டுப் பிரிந்த யானையையும் தனியன் என்றுதான் சொல்வார்கள். அதற்குக் கோபம் அதிகம் என்பார்கள். அது ஏன் என்று பிறகு விளங்கியது.) முதல் வாரம் கொண்டாட்டம். கேட்பாரில்லை. இரண்டாம் வாரம் ஓர் இரவு மின்சாரம் போய்விட்டது. போனிலும் உயிரில்லை. தண்ணீர் மோட்டர் ஓடாது. ஆகவே கிணற்றடிக்குப் போய், பல காலமாகத் தொடாத வாளியை இறக்கினேன். கப்பி கிறீச்சிட்டது. இரண்டு வாளி அள்ளிவிட்டு, வேறு வேலையில்லாததால் கிணற்றுக்கட்டில் உட்கார்ந்தேன். பனையோலை உரசும் சத்தம். தொலைவில் ஒரு நாய். மற்றபடி அமைதி என்றுதான் சொல்லவேண்டும், வெளியில்.

உள்ளே ஒரு சந்தையே நடந்துகொண்டிருந்தது. எட்டு வருடத்துக்கு முன் காசு வாங்கித் திருப்பித் தராத சிநேகிதனுக்கு, அன்றைக்குச் சொல்லத் தவறிய பதிலை இப்போது சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்து மேலதிகாரி. அடுத்து, ஒரு கலியாண வீட்டில் என் சம்பளத்தைப் பற்றிச் சாடையாகக் கதைத்த மாமி. எண்ணிப் பார்த்தேன். ஏறக்குறைய அரை மணித்தியாலத்தில் ஏழு பேருடன் சண்டை. ஏழிலும் நான்தான் வென்றிருந்தேன்.

வீட்டில் யாருமில்லை என்று அதுவரை நினைத்திருந்தேன்.

தொடங்குகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். ஆட்களை விட்டு விலகினால் அமைதி வந்து உட்காரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வெளிச்சத்தம் அடங்கியதும் உள்ளே எப்போதும் இருந்த இரைச்சல் காதில் விழத் தொடங்கும், அவ்வளவுதான். பலர் இந்த இடத்தில்தான் 'எனக்கு இது சரிவராது' என்று எழுந்துவிடுகிறார்கள். உண்மையில் அப்போதுதான் வேலை தொடங்கியிருக்கிறது.

அந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது? சைவ சித்தாந்தத்தில் இதற்கு ஓர் அருமையான கருத்து உண்டு. உயிர் 'சார்ந்ததன் வண்ணமாகும்' இயல்புடையது என்பார்கள். பளிங்குக்கென்று நிறமில்லை. செம்பருத்திப் பூவின் பக்கத்தில் வைத்தால் சிவக்கும், நீலத் துணியில் வைத்தால் நீலமாகும். உயிரும் தனியே நிற்பதில்லை. எதையாவது சார்ந்தே நிற்கும், சார்ந்ததன் நிறத்தையே தன் நிறமென்று எண்ணும். பிள்ளைகளைச் சார்ந்தால் 'நான் அம்மா'. உத்தியோகத்தைச் சார்ந்தால் 'நான் அதிபர்'. ஊர் மதிப்பைச் சார்ந்தால் 'நான் இன்னாருடைய மகன்'. இவையெல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. பளிங்கில் தெரிகிற சிவப்பும் கண்ணுக்கு உண்மையாகத்தான் தெரிகிறது.

இப்போது அந்த ஐந்து அறை வீட்டு அம்மாவிடம் திரும்பிப் போவோம். பக்கத்து வீட்டுப் பெடியன் தினமும் வந்து எட்டிப்பார்க்கிறான். கோயிலில் நாலு பேர் கதைக்கிறார்கள். ஆனாலும் அவருடைய வெறுமை தீர்வதில்லை. ஏனென்றால் அவர் சார்ந்திருந்தது மனிதர்களைப் பொதுவாக அல்ல. தன் கையால் சோறு வாங்கித் தின்ற மூன்று பிள்ளைகளை. அந்தத் தூண் அகன்றதும் அதில் சாய்ந்திருந்த முதுகு வலிக்கிறது. தனித்துப்போதலின் வலி எவ்வளவு கொடியதாக இருந்தாலும் ஒரு தகவலைத் தந்துவிடுகிறது: நீ எதில் சாய்ந்திருந்தாய் என்பதை. சாய்ந்திருக்கும் வரை தூண் இருப்பதே நமக்குத் தெரியாது.

தூண் தெரிந்தபின் அடுத்த கேள்வி வரும். சாய்ந்தது யார்?

இதுதான் ஆன்மீக மொழியில் தன்னை அறிதல். இதற்குப் பெரிய தடை ஆணவம் என்று சித்தாந்தம் சொல்கிறது. ஆணவம் என்றதும் நாம் தலைக்கனம் பிடித்த யாரோ ஒருவரை நினைத்துக்கொள்கிறோம். 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உமாபதி சிவாசாரியார் அதை வேறுவிதமாகச் சொன்னார். இருட்டு எந்தப் பொருளையும் காட்டாது. ஆனாலும் தான் இருப்பதையாவது காட்டும். 'இருட்டாக இருக்கிறது' என்று நமக்குத் தெரிகிறது அல்லவா? ஆணவம் பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது. கிணற்றுக்கட்டில் ஏழு சண்டையிலும் நானே வென்றேன் என்றேனே, அது அந்த இரவில் எனக்கு விசித்திரமாகத் தோன்றவேயில்லை. இயல்பாக இருந்தது. நியாயம் என் பக்கம், ஆகவே வென்றேன். இரண்டு நாள் கழித்துப் பல் துலக்கும்போதுதான் திடீரென்று உறைத்தது: ஒருவன் ஏழுக்கு ஏழு வெல்வதென்றால் நடுவரும் அவனேதான். அந்தச் சிரிப்புக்கு ஆறு மாதத் தனிமையும் தகும்.

இனி, இதற்கெல்லாம் காட்டுக்கோ மலைக்கோ போகவேண்டுமா என்ற கேள்வி. யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை. சொல்லிக்கொள்ள ஆறும் இல்லை, அடர்ந்த காடும் இல்லை. சுண்ணாம்புக் கல்லும் கிணறும் பனையும்தான். அதனாலோ என்னவோ, எங்கள் சித்தர்கள் சனங்களுக்குள்ளேயே உட்கார்ந்தார்கள். ஒருவர் பெரியகடைச் சந்தையில் திரிந்தார். பெயரே கடையிற் சுவாமி. அவருடைய வழியில் வந்த செல்லப்பா சுவாமி நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தேரடியில் இருந்தார். ஊர் அவரை விசரன் என்றது. அவரும் மறுக்கவில்லை. விசரன் என்று பெயரெடுத்தவனிடம் யாரும் கலியாணம் பேச வரமாட்டார்கள், காணி வழக்குக்கு யோசனை கேட்கவும் வரமாட்டார்கள். கூட்டத்தின் நடுவே வேலி போட்டுக்கொள்ள இதைவிட மலிவான வழி கிடையாது.

அவரிடம் வந்தவர்தான் யோகர் சுவாமி (1872–1964). கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலைத்தளத்தில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவர். தேரடியில் செல்லப்பா சுவாமி அவரைப் பார்த்து அதட்டிக் கேட்டது 'யாரடா நீ?' என்று. பெயரும் ஊரும் உத்தியோகமும் தெரிந்திருந்தாலும் அந்தக் கேள்விக்கு அவை பதிலாகாது. வேலையை விட்டுக் குருவோடு திரிந்தார். பிறகு, ஒரே தூணில் இரண்டு யானையைக் கட்ட முடியாது என்று சொல்லிக் குரு அவரை விலக்கிவிட்டதாக அடியார்கள் சொல்வார்கள். எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். பெற்றோரை விடலாம், உத்தியோகத்தை விடலாம். கடைசிச் சார்பு குரு. அந்தத் தூணையும் குருவே பிடுங்கிவிட்டார். அதன் பிறகுதான் கொழும்புத்துறையில், வீதியோர இலுப்பை மரத்தடியில், ஆண்டுக்கணக்கான இருப்பு. சைக்கிளும் வண்டிலும் போய்வருகிற தெரு அது. குகையன்று. 1915இல் செல்லப்பா சுவாமி மறைந்தார்.

செல்லப்பா சுவாமி விட்டுச்சென்ற நான்கு வாக்கியங்களை இங்கே பலர் வீட்டுச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்கள்: ஒரு பொல்லாப்பும் இல்லை, எப்பவோ முடிந்த காரியம், நாம் அறியோம், முழுதும் உண்மை. நான்குக்கும் நீண்ட விளக்கங்கள் உண்டு. தனித்திருக்கத் தொடங்குகிறவருக்கு என் சிபாரிசு மூன்றாவது. தன்னை அறியப் போன மனிதர் 'நாம் அறியோம்' என்று திரும்பி வருவது முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் கிணற்றடியில் ஏழு வழக்கிலும் தீர்ப்புச் சொன்ன என் வாய்க்கு அந்த வாக்கியம்தான் பூட்டாக வந்தது. சிநேகிதன் ஏன் காசைத் திருப்பித் தரவில்லை? நாம் அறியோம். மாமி என்ன மனதோடு அதைச் சொன்னார்? நாம் அறியோம். இப்படிச் சொன்னதும் வழக்கு நடத்த ஆளில்லாமல் போகிறது. கொஞ்ச நேரத்துக்காவது.

சைவத்துக்கு மட்டும் உரிய வழக்கமும் அல்ல இது. யாழ்ப்பாணத்துத் தோலகட்டியில் 1928இல் தொடங்கிய செபமாலைத் தாசர் சபை கத்தோலிக்கத் துறவிகளின் தியான வாழ்வுக்கென்றே உருவானது. எங்களில் பலருக்குத் தோலகட்டி என்றால் முந்திரிகைப் (திராட்சைப்) பழரசம்தான் ஞாபகம் வரும். அந்தப் போத்தலுக்குப் பின்னால் ஒரு மௌனம் இருக்கிறது.

இங்கே ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்லவேண்டும். தனித்திருக்க முடியாமல் தவிக்கிறவரைக் கோழை என்று நினைக்கக் கூடாது. ஆங்கிலேயக் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாளருமான டொனால்ட் வினிகொட் 1958இல் ஒரு விந்தையான கருத்தை எழுதினார். தனியாக இருக்கும் ஆற்றல் தனிமையில் பிறப்பதில்லை. பக்கத்தில் நம்பிக்கையான ஒருவர் இருக்கும்போதுதான் பிறக்கிறது என்றார். முற்றத்தில் ஒரு பிள்ளை சிரட்டையில் மணலைக் குவித்துப் புட்டு அவித்து விளையாடுகிறது. அம்மா அடுப்படியில். இருவரும் கதைப்பதில்லை. பிள்ளை அம்மாவை நினைப்பதுகூட இல்லை. ஆனால் அடுப்படியில் அகப்பைச் சத்தம் கேட்கிறது. அந்தச் சத்தம் இருக்கும் வரை பிள்ளை தன் விளையாட்டுக்குள் முழுதாகத் தனித்திருக்கும். நாளடைவில் அந்த அகப்பைச் சத்தம் பிள்ளைக்குள்ளேயே குடிபுகுந்துவிடுகிறது. பிறகு அம்மா இல்லாத அறையிலும் அதனால் இருக்க முடிகிறது.

இதை வாசித்தபோது எனக்கு அப்பர் நினைவுக்கு வந்தார். ஈன்ற தாயாகவும் தந்தையாகவும் உடன்பிறந்தவராகவும் இறைவனைச் சொல்லிக்கொண்டு வந்து, முடிவில் 'தோன்றாத் துணை' என்கிறார். கண்ணுக்குத் தெரியாத, ஆனால் உடனிருக்கிற துணை. பக்தர் ஒருவர் தனித்திருக்கும்போது உண்மையில் செய்வது இதுதான்: அடுப்படிச் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி விளையாடுவது. நல்லூர்த் திருவிழாவில் அதிகாலையில் அங்கப்பிரதட்சணம் செய்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் நூறு பேர் உருள்கிறார்கள். வீதி முழுக்கச் சனம். அந்த மனிதர் தனியேதான் இருக்கிறார்; அநாதையாக இல்லை.

எங்கள் தலைமுறையில் பலருக்குப் பிள்ளைப் பருவத்தில் அடுப்படிச் சத்தம் கேட்கவில்லை. போர்க்காலத்தில் பங்கருக்குள் அம்மாவின் மடியை இறுக்கிப் பிடித்தபடி விமானச் சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளை, முற்றத்தில் தன்னை மறந்து விளையாடுவது எப்படி? 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே ஓரிரவில் பெயர்ந்து நடந்தபோது பெற்றோரின் கை நழுவிய பிள்ளைகளும் உண்டு. அப்படிப்பட்டவரிடம் 'கதவைச் சாத்திவிட்டு உள்ளே பார்' என்று சொல்வது கொடுமை. உள்ளே பார்த்தால் மரணம்தான் வந்து நிற்கும். நித்திரை இல்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, வாழ்ந்து என்ன என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் அது ஆன்மீகத் தேடலின் படி அன்று. வைத்தியரிடம் காட்டவேண்டிய நோய். இலங்கையில் 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணுக்கு அழைக்கலாம். கால் முறிந்தவருக்கு ஊன்றுகோல் வேண்டும். சார்பை விடு என்ற உபதேசம் அவருக்கு இப்போது பொருந்தாது.

மற்றவர்கள் எப்படித் தொடங்குவது? மலிவாகத் தொடங்குங்கள். தனிமைப் பயிற்சி முகாம் என்று காசு வாங்குகிற இடங்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. அங்கேயும் நாற்பது பேர் வரிசையில் நின்று சாப்பிடவேண்டும். பொழுதுபடும் நேரம், விறாந்தையோ கிணற்றடியோ, 20 நிமிடம். போனை வேறு அறையில் வையுங்கள், சட்டைப் பையில் அணைத்து வைப்பது கணக்கில் சேராது. எண்ணங்களைத் துரத்த வேண்டாம். துரத்தினால் அதுவும் ஒரு சண்டையாகி எட்டாவது வழக்கு ஆரம்பிக்கும். வருகிறவர்களின் பெயரை மட்டும் பாருங்கள்: இன்று யார் யார் வந்தார்கள்? முடிந்தபின் ஒரு கொப்பியில் பெயர்களை எழுதிவைக்கலாம். ஒரு வாரத்தில் அதே மூன்று நான்கு பெயர்கள் திரும்ப வருவதைக் காண்பீர்கள். உங்கள் தூண்கள் அவை. அன்பால் சாய்ந்தாலும் கோபத்தால் சாய்ந்தாலும் சார்பு சார்புதான். என் பட்டியலில் கோபம்தான் அதிகம். பிறகு ஒருநாள், பெயர்கள் வந்துபோகும் இடைவெளியில், இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பது யார் என்று கேளுங்கள். பதில் சொல்ல அவசரப்பட வேண்டாம். சொற்களில் வருகிற பதில் பெரும்பாலும் எங்கோ வாசித்ததாகத்தான் இருக்கும்.

இருபது நிமிடம் முடிந்ததும் மனிதர்களிடம் திரும்பிப் போங்கள். அந்த ஔவையார் பாடலை முழுதாகக் கேட்டவர்களுக்குத் தெரியும்: ஏகாந்தம் அதில் முதற்படிதான். அதைவிட இனிது ஆதியைத் தொழுதல், அதனினும் இனிது அறிவினரைச் சேர்தல் என்று பாடல் மேலே ஏறி மறுபடியும் ஆட்களிடமே வந்து சேர்கிறது. ஏகாந்த அடியை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

எங்கள் ஒழுங்கையில் ஓர் ஆச்சி இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. நான் முதலில் சொன்ன மாதிரியான வீடுதான். பிள்ளைகளும் அதே மாதிரித்தான். பொழுதுபடுகையில் விளக்கேற்றிவிட்டு முன்படியில் உட்கார்வார். மடியில் கை. நெடுநாள் பார்த்துவிட்டு ஒருநாள் உள்ளே போய்க் கேட்டேன்.

"ஆச்சி, என்ன யோசிக்கிறீர்கள்?"

"முந்தி யோசித்துக்கொண்டுதான் இருந்தேன் தம்பி. மூத்தவன் ஏன் போன் எடுக்கவில்லை, மருமகள் என்ன சொன்னாள் என்று. ஒரே கதை. எனக்கே அலுத்துவிட்டது."

"இப்போது?"

"இப்போது சும்மா இருக்கிறேன்."

பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. எதிர்வீட்டில் யாரோ தேங்காய் துருவினார்கள். நன்றாக இருட்டியபின் எழுந்தேன்.

"படலையைச் சாத்திவிட்டுப் போ தம்பி" என்றார். "ஆடு வந்து செவ்வரத்தையைக் கடித்துவிடும்."